ரோட்டோரச் சுவரோவியம்: போட்டோ எடுக்கலாம், ஆனால் விற்கலாமா?

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் நோக்கிப் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால், அது ஓர் இலவசக் கண்காட்சி. சுண்ணாம்பு அடித்த காம்பவுண்டு சுவர்களில் சிமென்ட், முறுக்குக் கம்பி, நகைக்கடை விளம்பரங்கள். இடையிடையே கட்சித் தலைவர்களின் முகங்கள். நிழல் விழுந்த மாதிரி தடித்த தமிழ் எழுத்துகள். ஓரத்தில் சின்னதாக, வரைந்தவரின் பெயரோடு ‘ஆர்ட்ஸ்’ என்று சேர்த்து ஒரு செல்போன் நம்பர்.

சுவரோவியம் என்றதும் பெரிய நகரங்கள்தான் நினைவுக்கு வரும். மும்பையில் 1875-ல் திறக்கப்பட்ட சசூன் டாக் துறைமுகத்தில் 2017-ல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு கலைவிழா நடத்தியது. சென்னை கண்ணகி நகரில் 2020-ல் அடுக்குமாடிச் சுவர்கள் முழுக்க ஓவியமாயின. விழுப்புரம் பக்கம் கதை வேறு. இங்கே விழா கிடையாது, தொழில்தான். ஆனால் செல்போனை நீட்டிப் படம் எடுப்பவருக்கு எல்லா ஊரிலும் ஒரே கேள்விதான்: ரோட்டுலதானே இருக்கு, எடுத்தா என்ன தப்பு?

எடுப்பதில் தப்பில்லை. அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

சிலைக்கு ஒரு சட்டம், சுவருக்கு ஒரு சட்டமா?

எதையெல்லாம் செய்தால் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு பட்டியல் போடுகிறது. கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிடலாம். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையையும் எடுத்து வெளியிடலாம். அதே பொது இடத்தில் இருக்கும் ஓவியம்? அந்தப் பட்டியலில் அது இல்லை. பஸ் ஸ்டாண்டு சிலையின் போட்டோவை போஸ்ட் கார்டாக அச்சிட்டு விற்கலாம். பக்கத்துச் சுவரில் உள்ள ஓவியத்தை அப்படி விற்க உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

இதைவிட வேடிக்கை, வீடியோவுக்கு விலக்கு உண்டு. பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள எந்தக் கலைப்படைப்பையும் சினிமாட்டோகிராஃப் படத்தில் சேர்க்கலாம் என்கிறது அதே பிரிவு. வீடியோவும் அதற்குள் வரும். ஆக, ரீல்ஸுக்கு இருக்கும் சலுகை ஸ்டில் போட்டோவுக்கு இல்லை!

பயந்துவிட வேண்டாம். சொந்தப் பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்த அனுமதி இருக்கிறது. டி-ஷர்ட், காலண்டர், பிராண்டு விளம்பரம் என்று காசு பார்க்க இறங்கும்போதுதான் வம்பு. மும்பைச் சுவரோவியம் ஒன்றை ஒரு காப்பீட்டு நிறுவனம் விளம்பரத்தில் பயன்படுத்தியதை எதிர்த்து ஸ்டார்ட் இந்தியா வழக்குப் போட்டது. சம்பந்தப்பட்ட சமூக ஊடகப் பதிவுகளை நீக்கும்படி 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

யாரிடம் அனுமதி கேட்பது?

பெயின்டரிடம் கேட்டால் போதும் என்று நினைப்போம். ஆனால் 17-வது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு காசும் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது வெயிலில் சாரத்தில் நின்று வரைந்தவருக்குக் கூலி. உரிமை சிமென்ட் கம்பெனிக்கு. அவர் கையில் மிஞ்சுவது 57-வது பிரிவு தரும் தார்மீக உரிமை: ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்வதும், தன் பெயர் கெடும்படி யாராவது அதைச் சிதைத்தால் எதிர்ப்பதும். அதனால் படத்தை கிராப் செய்யும்போது அந்த ஓரத்துப் பெயரை வெட்டிவிடாதீர்கள்.

ஸ்டார்ட் இந்தியாவின் இணை நிறுவனர், 2024-ல் மறைந்த ஹனிஃப் குரேஷி இதை வேறு விதமாக அணுகினார். தெரு பெயின்டர்களின் எழுத்துகளை கம்ப்யூட்டர் எழுத்துருக்களாக மாற்றி, அவர்கள் பெயரிலேயே வெளியிட்டார். தமிழ்ச் சுவர் எழுத்துகளுக்கும் இப்படி ஒன்று நடந்தால் நன்றாக இருக்கும்.

காரணம், இந்தச் சுவர்கள் நிற்பதில்லை. பாதி வேலையை ஃபிளெக்ஸ் பறித்துவிட்டது. மீதியைத் தேர்தல் அழிக்கிறது. தேதி அறிவித்ததும் அரசுக் கட்டடங்களில் 24 மணி நேரத்திலும், மற்ற பொது இடங்களில் 48 மணி நேரத்திலும், தனியார் சுவர்களில் அனுமதியின்றி எழுதியவற்றை 72 மணி நேரத்திலும் அகற்ற வேண்டும் என்பது தேர்தல் ஆணைய விதி. பழைய எழுத்து வேண்டுமென்றால் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

கிழக்கு பார்த்த சுவருக்குக் காலை வெயில் நல்லது. வைடு லென்ஸில் ஓரத்து எழுத்துகள் இழுபடும்; பின்னால் தள்ளி நின்று 2 எக்ஸில் நேராக எடுங்கள். ஊர், தேதியைக் குறித்துவையுங்கள். விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் நல்ல ஆங்கிள் தேடித் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். அத்துமீறலுக்கு ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பதிப்புரிமைத் தொல்லையே இல்லாத சுவரோவியம் வேண்டுமா? அதே மாவட்டத்துப் பனமலைக் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் காலத்துப் பார்வதி இருக்கிறாள். வரைந்தவர் போய் சுமார் 1,300 வருஷம் ஆகிறது. சட்டம் கேட்பது ஓவியர் மறைந்து 60 வருஷம்தான்.