மூக்கடைப்பும் முகக்கனமும்: எளிய பரிகாரங்களின் பயனும் எல்லையும்

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் பீடபூமியின்மேல் அமைந்தது பெங்களூரு நகரம். காலைக் குளிர், வீதிப் புழுதி, காலி மனைகளில் பூத்துக் கிடக்கும் பார்த்தீனியக் களையின் மகரந்தம் ஆகிய மூன்றும் அங்கு மூக்கின் உட்சவ்வை உறுத்துகின்றன. அமெரிக்கக் கண்டத்திற்குரிய இக்களை 1950-களின் நடுவில் புனே நகரில் கவனத்திற்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவிற்று. இதன் மகரந்தம் ஒவ்வாமையால் மூக்கழற்சியை உண்டாக்குவதைப் பெங்களூருவில் நடந்த ஆய்வுகள் புலப்படுத்தின. இதன் இலைகளை உண்ணும் மெக்சிகோ வண்டு 1984-இல் அந்நகரில் வெளியிடப்பட்டது. எனினும் களை முற்றிலும் ஒழியவில்லை. ஆகவே மூக்கடைப்பும், அதனுடன் வரும் முகக்கனமும் அங்கு பலரும் அறிந்த தொல்லைகளாகும்.

கனம் தோன்றுவது ஏன்?

நெற்றி, கன்னம், கண்களின் இடைப்பகுதி, மூக்கின் பின்புறம் ஆகிய இடங்களிலுள்ள எலும்புகளில் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. இவற்றையே சைனஸ் என்கிறோம். இவற்றில் ஊறும் சளியை நுண்ணிய மயிரிழைகள் சிறு துளைகளின் வழியே மூக்கினுள் தள்ளுகின்றன. சளிப்பிடிப்பாலோ ஒவ்வாமையாலோ சவ்வு வீங்கினால் துளைகள் அடைபடும். சளி உள்ளே தேங்கும். அழுத்தம் மாறுபட்டு வலி பிறக்கும். கன்னத்து அறையின் துளை அவ்வறையின் மேற்புறத்தில் இருப்பதால், நிமிர்ந்திருக்கும்போது சளி தானாக வடிவதும் அரிது. ஆகவே வீக்கத்தைத் தணித்து, சளிக்கு வழிவிடுவதே பரிகாரத்தின் நோக்கமாகும்.

உப்புநீர்க் கழுவல்

யோகப் பயிற்சியில் ஜல நேத்தி எனப்படும் முறையை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைந்த உப்பைக் கரைத்து, வெதுவெதுப்பாக ஒரு நாசியில் விட்டு மறு நாசியால் வடியவிட வேண்டும். வெறும் நீர் எரிச்சல் தரும்; உடல்நீரை ஒத்த உப்பளவு எரியாது.

இதில் ஒரு விதியை மீறலாகாது. நீர் நன்கு கொதித்து ஆறியதாக இருத்தல் வேண்டும். குழாய்நீரும் கிணற்றுநீரும் குடிக்கத் தக்கவையாயினும் மூக்கிற்கு ஏற்றவையல்ல. நெக்லேரியா என்னும் அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்து உயிரைக் குடிக்கக்கூடியது. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் 2011-இல் குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இவ்வாறு இறந்தனர். நீர் கொதிநிலையை அடைந்தபின் ஒரு நிமிடமும், உதகமண்டலம் போன்ற 2000 மீட்டருக்கு மேற்பட்ட மலையூர்களில் மூன்று நிமிடமும் கொதிக்க வேண்டும். கழுவும் கலத்தையும் தூய்மை செய்து உலர்த்துதல் அவசியம்.

ஆவியும் தைலமும்

ஆவி பிடித்தல் சற்று நேரம் இதம் தரும். நோயின் காலத்தைக் குறைப்பதாக நிரூபணமில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதுண்டு. ஆகவே அவர்களுக்கு இது வேண்டாம். தைலங்களிலுள்ள மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. மூக்கு திறந்ததுபோல் தோன்றினும் வீக்கம் குறைவதில்லை. கர்ப்பூரம் கலந்த தைலத்தைக் குழந்தையின் மூக்கினுள் தடவுதல் ஆபத்தாகும்.

கடையில் வாங்கும் மருந்துகள்

சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டுமருந்துகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி விரைவில் மூக்கைத் திறக்கும். ஆயினும் மூன்று முதல் ஐந்து நாள்களுக்கு மேல் இட்டால், மருந்து நின்றவுடன் வீக்கம் முன்னிலும் மிகும். மருந்தின்றி மூச்சுவிட இயலாத நிலை வரும். இரத்த அழுத்தமுடையோர் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்துக. மாத்திரைகளில் சேரும் பினைலெப்ரின், வாய்வழி உட்கொள்ளுங்கால் மூக்கடைப்பைத் தணிப்பதில்லை என அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆலோசனைக் குழு 2023-இல் முடிவு செய்தது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த கலவையை நான்கு வயதிற்குட்பட்டோர்க்குத் தரலாகாதென இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதே ஆண்டு டிசம்பரில் அறிவுறுத்தியது. வலிக்குப் பாரசிட்டமால் போதும். தும்மலும் அரிப்பும் மிகுந்த ஒவ்வாமைக்கு ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரை உதவும். பெரும்பாலான சளிப்பிடிப்பு வைரஸால் வருவதாதலால் ஆண்டிபயாடிக் பயன்படாது.

ஆசிரியரும் களப்பணியாளரும் அறிய வேண்டுவன

தொல்லை பத்து நாள் கடந்தும் தணியாவிடினும், தணிந்தபின் மீண்டும் முற்றினாலும் மருத்துவரிடம் அனுப்புக. கண்ணைச் சுற்றி வீக்கம், பொருள்கள் இரட்டையாகத் தெரிதல், கடுங்காய்ச்சல், கழுத்து விறைப்பு, தாங்கொணாத் தலைவலி ஆகியவற்றுள் ஒன்று காணினும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். பள்ளி வளாகத்துப் பார்த்தீனியத்தைப் பூக்குமுன், கையுறையும் மூக்குறையும் அணிந்த பெரியவர்களே களைதல் நன்று. மாணவரை வெறுங்கையால் பிடுங்கச் செய்யலாகாது. இக்களை தோலையும் புண்ணாக்கும்.