குளூகோஸ் பாட்டில் உணவாகுமா?

"ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை, ஆனால் குளூகோஸ் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது" என்று நோயாளியின் உறவினர் ஆறுதலாகச் சொல்ல நீங்கள் கேட்டிருக்கலாம். அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது? வழக்கமான 5 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை. அதில் 200 கலோரிகூடத் தேறாது. ஏறக்குறைய நாலு இட்லிக்கு ஈடு. புரதம் துளியும் இல்லை. உடலில் நீர் வற்றாமல் காப்பதே அதன் வேலை. அதை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் பட்டினியிலுள்ள உடல் தன் தசையையே கரைத்துப் புரதம் எடுத்துக்கொள்கிறது. புண் ஆறத் தாமதமாகிறது. சளியை இருமி வெளியேற்றும் வலிமைகூடக் குறைகிறது.

அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பட்டர்வொர்த் 1974-இல் இதைக் கண்டித்து எழுதினார். நோயாளியின் எடையைக் குறிக்காமல் விடுவதும், சோதனைகளுக்காக வேளாவேளை உணவை நிறுத்துவதும் அவர் சுட்டிய குறைகள்.

ஆம், எடைதான் முதல் தடயம். 60 கிலோ இருந்தவர், தாமாக இளைக்க முயலாமலே, ஆறு மாதத்துக்குள் 54 கிலோவுக்கு இறங்கினால் அது அபாயக் குறி. பருத்த உடலினருக்கும் இதே கணக்குத்தான். கால் வீங்கியிருந்தால் மட்டும் தராசை நம்பாதீர்கள். தேங்கிய நீர் எடையைக் கூட்டிக் காட்டும்.

அதற்காக ஒரே நாளில் வயிறு நிறைய ஊட்டிவிடாதீர்கள். நெடுநாள் பட்டினிக்குப் பின் சர்க்கரை திடீரென்று வந்தால் இன்சுலின் பெருகும், இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் பாய்ந்துவிடும், இதயம் தடுமாறும். எனவே மருத்துவர் தயமின் கொடுத்து, இரத்தத்தைச் சோதித்தபடி, உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார். விழுங்க முடியாதவருக்கு மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் உண்டு. தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்பதைச் செவிலியரிடம் நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.