காற்றைச் சுமக்கும் மீன்

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: பூலாவ் கெத்தாமில் வீடுகளுக்கு அடியே சேற்றில் தத்திக்கொண்டிருந்தது தவளையா, மீனா? மீன்தான் அம்மா. மலாயில் பெலாச்சாக்.

தீவைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. போர்ட் கிள்ளான் கம்யூட்டர் நிலையத்தை ஒட்டியே ஜெட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீன மீனவர்கள் கால்நட்டு வீடு கட்டிய ஊர், கார் கிடையாது. வெள்ளை மணலைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். சுற்றிலும் பாக்காவ் எனும் அலையாத்திக் காடும் சேறும்தான்.

பெலாச்சாக்குக்கு அந்தச் சேறு போதும். நெஞ்சுத் துடுப்புகளை ஊன்றி நடக்கும். ஈரத் தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றிலிருந்தே மூச்சு வாங்கும். கண் காய்ந்தால் குழிக்குள் இழுத்து நனைத்துக்கொள்ளும்.

என்னை வியக்க வைப்பது அதன் வளை. உள்ளே தேங்கிய நீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. முட்டைகள் மூச்சுத் திணறிவிடும். அதனால் மீன் வாய் நிறையக் காற்றை அடக்கிக்கொண்டு வளைக்குள் இறங்கி, முட்டை அறையில் விட்டுவிட்டு, மறுபடி மேலே வரும். எங்கள் தோட்டத்து லயத்தில் பொதுக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து அம்மா தொட்டியை நிரப்புவாரே, அதே உழைப்பு. மலேசியாவில் வாழும் பெரிய பெலாச்சாக் இப்படிக் காற்றைச் சேமிப்பதை 1998இல் ஜப்பானிய ஆய்வாளர் அட்சுஷி இஷிமாட்சு குழுவினர் அறிவித்தார்கள். அறையின் கூரையில் ஒட்டிய முட்டைகள் நீரில் அல்ல, அந்தக் காற்றில்தான் வளர்கின்றன.

ஜப்பானில் வாழும் அதன் உறவு மீனிடம் இன்னொரு வியப்பு. குஞ்சு பொரிக்கும் பருவம் வந்ததும், இரவில் கடல் ஏறும் நேரத்தில், தகப்பன் மீன் அந்தக் காற்றை வாய் வாயாக வெளியே கொண்டுபோய் விடுகிறது. அறைக்குள் நீர் புகுகிறது. நனைந்த முட்டைகள் பொரிக்கின்றன. காற்றைக் கொண்டு வந்ததும் அதே வாய், அகற்றுவதும் அதே வாய்!

கெத்தாமில் இத்தகைய வளைகளின் மேல்தான் நாம் நெகிழிப் பைகளை வீசுகிறோம். கிள்ளான் ஆறு கொண்டு வரும் குப்பையும் சேர்ந்து சேற்றை மூடுகிறது. பை படிந்த இடத்தில் மீன் எப்படி மேலேறி வரும்? நண்டு சாப்பிட மட்டும் போய்த் திரும்பும் நம்மவர்கள் பாலத்தின் மேல் கொஞ்சம் நின்று கீழே பார்க்கலாம். பிள்ளைகள் கல்லெறிந்தால் தடுக்கலாம். நீர் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு படகு ஏறுங்கள். கடல் ஏறியிருக்கும்போது போனால் பெரும்பாலும் தண்ணீர்தான் தெரியும்.