அகத்தியர்கூடத்தில் வராத தலைவலி லேயில் ஏன் வருகிறது?

அம்பூரிக்கு அருகே 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது அகத்தியர்கூடம் மலை. அதில் ஏறுபவருக்குக் கால் வலிக்கும், மூச்சு வாங்கும், புத்தி தடுமாறுவதில்லை. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் விமானத்தில் போய் இறங்குபவருக்கோ அன்றிரவே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். ஏன்?

எந்த உயரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல்மட்ட அழுத்தத்தில் அகத்தியர்கூட உச்சியில் ஏறத்தாழ 80 சதவீதமும், லேயில் 65 சதவீதமும் இருக்கும். அழுத்தம் குறையக் குறைய ரத்தத்தில் சேரும் ஆக்சிஜனும் குறையும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. அதனால் முதலில் தவிப்பது அதுவே. கூடுதல் ரத்தம் பெற மூளையின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன; தலைவலிக்கு அதுவும் ஒரு காரணம். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தொடங்கும்.

இன்னும் உயரே போனால் எரிச்சல், மறதி, காரணமற்ற உற்சாகம், தவறான முடிவுகள். தன் நிதானம் குறைவதை ஏறியவரே உணரமாட்டார் என்பதுதான் ஆபத்து. நடை தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று பொருள்.

லே சென்றால் முதல் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். உடன் வருபவர் தள்ளாடினாலோ உளறினாலோ, அவர் மறுத்தாலும் உடனே கீழே இறக்குங்கள்.