ஒதுக்கப்பட்ட பாடலும் நேயர் தீர்ப்பும்

ஒரு பாடலின் தகுதியைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? அதனை ஆக்கியவருக்கா, விற்பனை செய்யும் நிறுவனத்துக்கா, அன்றிக் கேட்பவருக்கா? இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்க இசைத்தட்டு வரலாற்றிலே தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு.

மோட்டார்க் கார்த் தொழிலுக்குப் பேர்போன டெற்றோயிற் நகரிலே, 1959 ஆம் ஆண்டிற் பெரி கோர்டி என்பவர் பின்னாளில் மோட்டவுன் எனப் புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலே வேரூன்றிய 'சோல்' இசையை, எல்லாரும் விரும்பும் மெல்லிசையோடு இணைத்தளித்தமை அந்நிறுவனத்தின் சிறப்பு. முன்னர்க் கார்த் தொழிற்சாலையிலே பணியாற்றிய கோர்டி, அங்குள்ள தரப் பரிசோதனை முறையை இசைக்கும் ஏற்றார். வெளிவர வேண்டிய பாடல்களை ஒரு குழு கேட்டு, வாக்களித்துத் தெரிவு செய்யும்.

இந்நிறுவனத்துக்காக நோர்மன் விற்பீல்ட், பரற் ஸ்ரோங் ஆகிய இருவரும் இயற்றிய பாடல் 'ஐ ஹேர்ட் இற் துரூ த கிரேப்வைன்' என்பது. 'திராட்சைக்கொடி வழியாகக் கேட்டேன்' என்பது சொற்பொருள். வாய்க்கு வாய் பரவும் செய்தியை ஆங்கிலேயர் அவ்வாறு குறிப்பர். நம் அகப்பாடல்கள் 'அலர்' என்று கூறும் ஊர்ப்பேச்சு இதற்கு ஓரளவு நெருங்கியது. காதலி தன்னைப் பிரியப்போவதை அவள் வாயாலன்றிப் பிறர் வாயால் அறிந்த ஒருவனின் துயரே பாடற்பொருள்.

1967 ஆம் ஆண்டில் மார்வின் கே இதனைப் பாடினார். அவருடைய இயல்பான குரலெல்லைக்கும் மேலே பாடுமாறு விற்பீல்ட் வற்புறுத்தினார். அவ்வாறு பாடியதன் சிரமமே நெஞ்சின் வேதனையாக ஒலித்தது. ஆயினும் கோர்டி வேறொரு பாடலை விரும்பி இதனை ஒதுக்கிவிட்டார். விற்பீல்ட் மனந்தளராது, கிளாடிஸ் நைற் குழுவினரைக் கொண்டு அதே பாடலை விரைந்த நடையிலே பாடுவித்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் வெளிவந்த அத்தட்டு, பில்போர்ட் பட்டியலில் இரண்டாம் இடம்வரை உயர்ந்தது.

மார்வின் கேயின் பாடலோ 1968 ஓகஸ்ற் மாதத்தில், நீண்டநேர இசைத்தட்டொன்றிலே பல பாடல்களுள் ஒன்றாக மட்டுமே இடம்பெற்றது. அதனை வானொலி அறிவிப்பாளர்கள் தாமாகவே எடுத்து ஒலிபரப்பினர். கேட்டவர்கள் மீண்டும் மீண்டும் விரும்பிக் கேட்டனர். ஒக்ரோபர் 30 ஆம் திகதி நிறுவனம் அதனைத் தனித்தட்டாக வெளியிட்டது. டிசெம்பரில் முதலிடத்தை எய்திய அப்பாடல் ஏழு வாரங்கள் அவ்விடத்திலேயே நிலைத்தது. 1969 இல் பிரித்தானியாவிலும் முதலிடம் பெற்றது. வாய்வழிச் செய்தியைப் பற்றிய பாடல், வாய்வழிப் புகழாலேயே உயர்ந்தது!

குழுவினர் இசையறியாதவர் என்று இதனாற் கொள்ளலாகாது. எத்தனையோ நல்ல பாடல்களைத் தெரிந்தளித்தவரும் அவர்களே. ஆனால் நேற்று வென்றதை அளவுகோலாகக் கொள்வோர்க்குப் புதியது குறையுடையதாகத் தோன்றுதல் இயல்பு. பரீட்சை விடைத்தாளைத் திருத்தும் எம்போன்ற ஆசிரியர்க்கும் இவ்வாபத்து உண்டு. மதிப்பிடுவோர் தவறுதல் பெரிதன்று. மறுதீர்ப்புக்கு வாயிலை அடைத்துவிடாமையே பெரிது. கோர்டி அவ்வாயிலை அடைக்கவில்லை. வானொலியும் நேயர்களும் அதன் வழியே உள்ளே நுழைந்தனர்.