முதலில் ஒழுக்கு, பிறகு அழகு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பொருத்தமாயிருந்திருக்கும். வீடு கட்டுவது ஆயுளில் ஒரு தடவை வரும் செலவு. பழுது பார்ப்பதோ வருஷந்தோறும் வரும் செலவு. கடலூரிலும் சிதம்பரத்திலும் பாட்டனார் காலத்து வீடுகளில் வசிக்கும் குடும்பத்தாருக்கு இது நன்றாய்த் தெரியும்.

அந்தச் செலவு பெரும்பாலும் எங்கே போகிறது? கூடத்துக்குப் பளபளப்பான புதுத் தரை போட வேண்டுமென்று இல்லாளின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. ஐப்பசி பிறந்ததும், அந்தப் புதுத் தரையின்மீது ஓட்டு இடுக்கிலிருந்து ஜலம் சொட்டுகிறது. நகையை மீட்பதற்குள் தரையும் கெடுகிறது, சுவரும் கெடுகிறது. ஆகவே, வீட்டைச் செப்பனிடுவதில் சிக்கனத்தின் முதல் விதி இதுதான்: முதலில் ஜலத்தைத் தடுக்க வேண்டும், அலங்காரம் பிறகு.

நம் பிரதேசத்துக்கு இந்த விதி மிகவும் அவசியம். கடலூரைக் கெடிலமும் பெண்ணையாறும் அணைத்துக் கொண்டிருக்கின்றன. சிதம்பரத்துக்கு வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். மழையோ வடகிழக்குப் பருவத்தில் மொத்தமாகக் கொட்டுகிறது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயலையும், 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தையும் இவ்வூர்க்காரர்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள்.

ஜலம் வீட்டுக்குள் புகும் வழிகள் மூன்று: மேலே, கீழே, பக்கத்தில்.

மேலே உள்ளது கூரை. நாட்டு ஓடு வேய்ந்த வீடானால் ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டைப் பிரித்து, சருகையும் தூசியையும் தள்ளி, உடைந்தவற்றை மாற்றி அடுக்க வேண்டும். ஓர் ஓட்டின் விலை சொற்பம். அதை மாற்றாமல் விட்டால் அடியிலுள்ள சட்டம் உளுத்துப் போகும். சட்டத்துக்குப் பின் உத்தரம். உத்தரத்தின் விலையைக் கேட்டவர்கள் பிறகு ஓட்டை அலட்சியம் செய்ய மாட்டார்கள். காற்றுக்கு அஞ்ச வேண்டிய ஊராதலால், சட்டங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்து வைப்பதும் நலம். மரச் சட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாய் அமைந்த மெட்ராஸ் தளமானால், தூம்புவாய் அடையாமல் பார்ப்பதே பாதி வேலை. தளத்து வெடிப்பில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ தலை காட்டினால் இரண்டு இலைப் பருவத்திலேயே வேரோடு களைந்து, வெடிப்பை அடைத்துவிட வேண்டும்.

கீழே உள்ளது தரை மட்டம். தெருவை உயர்த்தி உயர்த்திப் போடுவதால் பல வீடுகளின் வாசல் பள்ளமாகிவிட்டது. கொல்லையிலும் மண் சேர்ந்து சுவரை அணைத்துக் கொள்கிறது. அந்த மண்ணை வெட்டி அகற்றி, முற்றத்து ஜலம் வெளியே வடிவதற்கு வாட்டம் செய்துவிட்டால், சுவரில் ஏறும் ஓதம் பெரிதும் குறையும். மண்வெட்டியும் ஒரு நாள் கூலியும் போதும்.

பக்கத்தில் உள்ளது சுவர். பணம் வீணாவது இங்கேதான் அதிகம். பழைய வீடுகள் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. அந்தக் காரை ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் எளிதில் வெளியேற முடிவதில்லை. கடலோரத்து ஈரத்தில் உப்பும் கலந்திருக்கிறது. அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துப் பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. மறுபடியும் சிமெண்டு, மறுபடியும் பெயர்ச்சி! சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. கிளிஞ்சல் சுட்டெடுத்த சுண்ணாம்பும், கடுக்காய் ஊறிய ஜலமும், வெல்லமும் பழைய கொத்தனார்களின் கைச் சரக்கு. அந்த வேலை அறிந்தவர்கள் அருகி வருகிறார்கள். அறிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பது வீண் அலைச்சல் ஆகாது.

சுண்ணாம்பினால் இன்னொரு லாபமும் உண்டு. காரைச் சுவரை இடித்தால் செங்கல் முழுசாகப் பெயர்ந்து வரும். சிமெண்டுச் சுவரிலோ பெரும்பாலும் உடைந்து வரும். எனவே வீட்டை இடிக்கிற இடத்தில் பழைய செங்கல், தேக்குக் கதவு, நிலை, ஜன்னல், ஓடு இவற்றை விசாரித்து வாங்கினால் நல்ல சரக்கு குறைந்த விலைக்கு அகப்படும்.

புதிதாய் ஓர் அறை சேர்க்க நினைப்பவர்களுக்கு லாரி பேக்கரின் அனுபவம் உதவும். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்த அந்தக் கட்டடக் கலைஞர் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தவர். வீடு கட்டும் சாமான்களை ஐந்து மைல் சுற்றளவுக்குள் தேடிக்கொள்ள வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைத் தம் தொழிலுக்கு வழிகாட்டியாகக் கொண்டார். 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமாகும் வரையில் சிக்கன வீடுகளுக்காகவே உழைத்தார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரப்பினார். அதனால் ஏறக்குறையக் கால் பங்கு செங்கல் மிச்சமாகிறது. நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. கொத்தனாரிடம் முன்னதாகப் பேசி, சிறு மதில் ஒன்றில் பழகிப் பார்த்துவிட்டு அறையைத் தொடங்குவது விவேகம்.

கடைசியாக, காலம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒழுகும் இடங்களைக் கரிக்கட்டியால் சுவரில் குறித்து வைக்க வேண்டும். வெயில் வந்தபின் எந்த இடம் ஒழுகிற்று என்று ஒருவருக்கும் நினைவிராது. தை, மாசியில் வேலையைத் துவக்கினால் சுண்ணாம்புப் பூச்சு நிதானமாக இறுகுவதற்கு அவகாசம் கிடைக்கும். மழை இருட்டும்போது கொத்தனாரைத் தேடி ஓடுகிறவர் அவர் கேட்ட கூலியைக் கொடுத்தே தீர வேண்டும்.

வீட்டுக் கணக்கு நோட்டில் 'செப்பனிடுதல்' என்று ஒரு பத்தி எழுதி, மாதந்தோறும் ஒரு சிறு தொகை ஒதுக்கி வாருங்கள். கூரை ஒழுகாத வீட்டில், புதுத் தரை அடுத்த வருஷம் வந்தாலும் குறைவில்லை. நகை பெட்டியிலேயே இருக்கும்.