சீகிரியாவுக்கு எந்தப் பங்கு?

சிங்கப் பாதமும் சுவரோவியமும் காசியப்ப மன்னனின் குளங்களும் பார்க்க வருபவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. அவர்களுக்காகச் சோறு வடிப்பவர்களுக்கும் கட்டில் விரிப்பவர்களுக்கும் எழுகிறது. இனாமலுவைச் சந்தியிலிருந்து குன்று வரையுள்ள ஹோட்டல்களில், மாத்தளைத் தோட்டங்களிலிருந்தும் மன்னாரிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வந்து வேலை செய்யும் கத்தோலிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனவர்கள்தான். இங்கே வந்ததும் ஒரு ஞாயிறு விடுபடும். பிறகு பெருநாள் விடுபடும். பிறகு கேட்டால், "நான் இந்த ஊர்ப் பங்குக்காரன் இல்லையே ஃபாதர்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும்.

அந்தப் பதில் சட்டப்படி தப்பு. பங்கில் சேர விண்ணப்பம் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அப்படிச் சொல்லவில்லை. பங்கு என்பது பொதுவாக ஒரு நிலப்பரப்பு. அதற்குள் நிலையாக வாழும் எண்ணத்தோடு குடியேறியவரும், ஐந்து வருடம் தங்கிவிட்டவரும் அந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள். மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தவருக்கும், எண்ணமே இல்லாமல் மூன்று மாதத்தைக் கழித்துவிட்டவருக்கும்கூட அங்குள்ள பங்குத்தந்தை சொந்தப் பங்குத்தந்தை ஆகிவிடுகிறார். ஒரு சீசனுக்கு ஒப்பந்தத்தில் வந்த சமையல்காரத் தம்பி, தனக்கே தெரியாமல் பங்குக்காரன் ஆகியிருப்பான். பெயர் பதிவது கணக்குக்கும் கடிதத் தேவைக்கும்தான். மாத்தளை மாவட்டம் கண்டி மறைமாவட்டத்துக்குள் வருகிறது. வடக்கே ஹபரணையைத் தொட்டால் அனுராதபுரம் மறைமாவட்டம். மலையைச் சுற்றி இருப்பவர்கள் இந்த எல்லைக் கோட்டின் ஓரத்தில் குடியிருக்கிறார்கள். "நம்ம ஃபாதர் யார்?" என்ற குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் தடுப்பது சட்டமோ தூரமோ மட்டுமல்ல, வெட்கமும்தான். அதைப் பார்க்க வேண்டுமென்றால் நன்மை வாங்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். ஒரு வாங்கு முழுவதும் எழுந்து வரிசைக்குப் போகும். நடுவில் ஒருவர் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழி விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். யாரும் அவரைப் பார்ப்பதில்லை, எல்லோரும் பார்ப்பதாக அவருக்குத் தோன்றும். அடுத்த வாரம் அவர் கடைசி வாங்கில் இருப்பார், அதற்கடுத்த வாரம் கோயில் வாசலில், பிறகு வீட்டில். ஒருவர் பங்கைவிட்டு விலகிப் போவதற்குப் பெரிய கொள்கைச் சண்டை தேவையில்லை.

இந்த நாட்டில் வெட்கத்தைப் போலவே அச்சமும் கத்தோலிக்கரை ஒளித்து வைத்த காலம் ஒன்று இருந்தது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களுக்கு நாட்டில் இடமில்லை. அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதே மரண தண்டனைக்குரிய குற்றம் என்று ஆணை பிறந்தது. கோயில்கள் கைமாறின. முப்பது வருடம் ஆடில்லை, மேய்ப்பனில்லை என்ற நிலை. ஆடுகள் இருந்தன, வெளியே தெரியவில்லை.

1687இல் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் ஒருவர் கடல் கடந்தார். கோவாவில் 1651இல் பிறந்த யோசவ் வாஸ் அடிகளார். கூட யோவான் என்ற பணியாள் மட்டும். யாழ்ப்பாணம் போய்ச் சேரும்போது வயிற்றோட்டத்தில் செத்துப் பிழைத்த நிலை. உடம்பு தேறியதும் அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்த ஒன்று: கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அரிசி போடுகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். கையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வேறு. கழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நிற்கிறவர்கள் வேறு. அப்படி நின்ற ஒரு வீட்டிலிருந்துதான் சில்லாலைக்கு வழி கிடைத்தது, வட இலங்கைத் திருச்சபை மறுபடி மூச்சுவிட்டது. யாரையும் அவர் கூட்டம் போட்டுக் கூப்பிடவில்லை. "ஏன் இத்தனை வருடம் வரவில்லை?" என்று வாசலில் நின்று கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் ஒரு கதவும் திறந்திராது.

1692இல் அவர் கண்டி இராச்சியத்துக்குள் வந்தார். பிரெஞ்சுக் கால்வினியர் ஒருவர் போட்டுக்கொடுக்க, போர்த்துக்கேய உளவாளி என்று விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறை வைத்தான். சிறையிலேயே சிங்களம் படித்தார், சிறை வளவுக்குள்ளேயே ஒரு குடிசைக் கோயில் எழுந்தது, நகரத்துக் கத்தோலிக்கர் ஒவ்வொருவராக ஒளித்து வந்தார்கள். திருச்சபைக்குத் திரும்ப விரும்பியவன் சிறைச்சாலைக்குப் போக வேண்டியிருந்த காலம் அது. பின்னாளில் மன்னனே அவரை விட்டுவிட்டான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, தெருவில் தூக்கி எறியப்பட்டவர்களை எடுத்துப் பராமரித்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்கும் போனார்.

அவர் விட்டுப்போன ஏற்பாடு ஒன்று இன்றைக்கும் நமக்குப் பாடம். சில குருமார், பெரிய நாடு. ஒரு ஊருக்கு வருடத்தில் ஓரிரு தடவை போக முடிந்தால் அதிர்ஷ்டம். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் மூப்பர் ஒருவரும் அண்ணாவியார் ஒருவரும் நியமிக்கப்பட்டார்கள். கோயிலும் காணியும் கணக்கும் மூப்பர் பொறுப்பு. செபம் சொல்லிக்கொடுப்பதும் ஞாயிறு கூட்டி வைப்பதும் சாகக் கிடக்கிறவர் தலைமாட்டில் நிற்பதும் அண்ணாவியார் வேலை. சிங்களக் கத்தோலிக்கர் இன்றும் இந்த இரண்டு சொற்களையும் 'முப்பு', 'அன்னாவி' என்று தம் வாயில் வைத்திருக்கிறார்கள். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தது குருவில்லாத இப்படியான ஊர்களுக்குப் பெருந்துணை. தவசு காலத்தில் நம்மவர்கள் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கமும், சிங்களவர் பாடும் பசாமும் ஒரே மனிதரின் பேனாவில் இருந்து வந்தவை. இரண்டு பக்கமும் இதைச் சொல்லிக்கொள்வது குறைவு.

இந்த ஏற்பாட்டின் பலத்தைப் பார்க்க சீகிரியாவிலிருந்து தூரம் போக வேண்டியதில்லை. தம்புள்ளை வழியாகக் கலேவெலப் பக்கம் இறங்கினால் வஹாக்கோட்டை. கண்டி மன்னர் காலத்தில் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயச் சிப்பாய்களின் வழித்தோன்றல்கள் என்பது இந்த ஊர்க்காரர் தம்மைப் பற்றிச் சொல்வது. தோற்றத்திலும் மொழியிலும் இன்று அவர்கள் மற்றச் சிங்கள விவசாயிகளைப் போலத்தான். 1740களில் கண்டி அரசவை குருக்களை வெளியேற்றியபின் மலைநாட்டுக் கத்தோலிக்கரின் கதி என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு இந்த ஊர்தான் பதில். நிலையான குரு இல்லாமல் தலைமுறைகள் கழிந்தும் அந்தோனியார் அங்கே இருந்தார், அவரிடம் செபிக்கும் ஆட்களும் இருந்தார்கள். பூசை நின்றது, பங்கு நிற்கவில்லை. கரையோரத்தில் கத்தோலிக்கர் மேல் இருந்த தடைகளை 1806இல் மெயிட்லண்ட் ஆளுநர் நீக்கினார். கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது 1815இல்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் நம் முன்னோர். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக வடக்குப் பாதையில் நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு ஏறினார்கள். வாந்திபேதியில் வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல்தான். அந்த நடைக்கூட்டத்தில் திருச்சி, தஞ்சை, இராமநாதபுரத்துக் கத்தோலிக்கரும் இருந்தார்கள். இன்றைய மாத்தளைத் தமிழ்க் கத்தோலிக்கர் பலருக்கும் மூதாதையர் அவர்கள்தான். ஆகவே சீகிரியா ஹோட்டலில் வேலை செய்யும் தோட்டத்துப் பெண், தன் முப்பாட்டி நடந்த பாதைக்குப் பக்கத்தில்தான் இப்போது வேலை செய்கிறாள்.

சரி, திரும்ப நினைக்கிறவர் என்ன செய்ய வேண்டும்? ஞானஸ்நானம் ஒருமுறைதான், அழியாது. இருபது வருடம் விலகியிருந்தாலும் யாரும் மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவர் சேர வந்தாலும் அப்படியே. விசுவாச அறிக்கை செய்து முழு உறவுக்குள் வருவார். எந்தச் சபையிலும் ஞானஸ்நானம் பெறாதவர் மட்டுமே புகுமுக மறைக்கல்வி பெற்று, வழக்கமாகப் பாஸ்குத் திருவிழிப்பு இரவில், ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் ஒன்றாகப் பெறுவார். விலகியிருந்தவருக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம். எத்தனை தடவை, எத்தனை வருடம் என்று சரியாக நினைவில்லையே என்று பயப்பட வேண்டாம். நினைவில் உள்ளதைச் சொன்னால் போதும், மிச்சத்துக்கு ஃபாதர் கை கொடுப்பார்.

சிக்கல் அதிகம் உள்ள இடம் கல்யாணம். பௌத்தப் பெண்ணையோ இந்துப் பையனையோ பதிவுக் கல்யாணம் மட்டும் செய்துகொண்டவர், இனி நமக்கு நன்மை இல்லை என்று தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். துணைவர் மதம் மாற வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. ஆயரின் விதிவிலக்கு வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும், அது மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிறகு கோயிலில் சம்மதத்தைச் சொன்னால் திருமணம் சீராகும். துணைவர் கோயில் படி ஏறவே மாட்டேன் என்றாலும், முந்தைய சம்மதம் இருவரிடமும் நிலைத்திருந்தால், மறுபடி சடங்கு செய்யாமலே திருமணத்தைச் சீராக்க ஆயருக்கு அதிகாரம் உண்டு. இந்த வழி இருப்பதை நம் கோயில்களில் அறிவித்தல் வாசிக்கும்போது நான் கேட்டதே இல்லை. நவநாள் நேரம், சிரமதானம், லொத்தர் டிக்கெட் எல்லாம் வாசிக்கிறோம், இதையும் வாசிக்கலாம். முன்னைய கல்யாணம் ஒன்று உயிரோடு இருந்தால் கதை வேறு. அதற்குத் திருச்சபை நீதிமன்றம், பொறுமை, காகிதங்கள்.

காகிதம் என்றதும், முதலில் எடுக்க வேண்டியது ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் புதிய சான்றிதழ். பிறகு பெற்ற உறுதிபூசுதலும் கல்யாணமும் அந்த ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்திலேயே குறிக்கப்பட வேண்டும் என்பது விதி. அதனால்தான் பெட்டியில் கிடக்கும் பழைய நகலை ஃபாதர்மார் ஏற்பதில்லை. ஊருக்கு லீவில் போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு கோயிலுக்குள் கால் வைக்க முடியாமல் போனவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் ஜூன் 12இல், அவர் திருநாளுக்கு முதல் நாள், மறுபடி திறக்கப்பட்டது. பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போகப் பழகினோம். சிலருக்கு அதுவே முடியவில்லை. அவர்களிடம் சட்டம் பேசுவது அநியாயம். கூடப் போகவும் வரவும் ஓர் ஆள் வேண்டும்.

அப்படி ஆள் இல்லாதவருக்கு என் யோசனை ஒன்று: சொந்தப் பங்கில் தொடங்க வேண்டாம், திருவிழாவில் தொடங்குங்கள். ஜூன் மாதத்தில் வஹாக்கோட்டைக்குப் போங்கள், அல்லது ஆவணியில் மடுவுக்கு. கத்தோலிக்கரோடு பௌத்தரும் இந்துக்களும் மெழுகுதிரியோடு நிற்கும் கூட்டத்தில் உங்களை யார் என்று எவரும் கேட்கப் போவதில்லை. அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருக்கும் ஃபாதருக்கு உங்கள் முகமும் தெரியாது, உங்கள் மாமியாரும் தெரியாது. வரிசையில் நில்லுங்கள். ஞாயிறு டியூட்டி என்றால் சனி மாலைப் பூசையும் ஞாயிறு கடனுக்குச் செல்லும் என்பதை மேலாளரிடம் சொல்லி, சனி மாலை ஷிப்டை மாற்றிக் கேளுங்கள். ஹோட்டல்காரர்கள் பலர் கொடுப்பார்கள், கேட்பவர்தான் குறைவு.